இறக்கத்தில் மெதுவாகப் போன குற்றம்

1

நான் ஈப்போவுக்கு வந்து இருபத்து நான்கு ஆண்டு நிறைந்த அன்றுதான் அந்தப் பழுப்பு உறை வீட்டுக்கு வந்தது. அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். கல்யாண நாளை ஒருமுறைகூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத என் வீட்டுக்காரர், நான் விமானத்தில் வந்து இறங்கிய நாளை மட்டும் மறக்கவே மாட்டார். அன்றைக்கு அவர் விமான நிலையத்துக்குத் தாமதமாக வந்ததற்கு நான் போட்ட சண்டை அப்படிப்பட்டது. அவர் பெயர் குணசேகரன். நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் எல்லோருக்கும் குணா. இருபத்தாறு வருடமாகக் கனரக லாரி ஓட்டுகிறார்.

உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, லாரி கம்பெனி பெயரில் இருப்பதால் கம்பெனி வழியாக வந்த அரசாங்கத்தின் அபராதச் சீட்டு. தாப்பாவுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக் கேமராவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். தொண்ணூறைத் தாண்டக் கூடாத லாரி நூற்று நான்கில் போயிருக்கிறது. இன்னொன்று அவர் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து வந்த கடிதம். உன் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, காரணம் காட்டு என்று கேட்கும் கடிதம். மலாயில் 'துஞ்சோக் செபாப்' என்பார்கள். அதில் எழுதியிருந்த குற்றம் என்ன தெரியுமா? வண்டியை மிகவும் மெதுவாக ஓட்டிச் சரக்கைத் தாமதமாகச் சேர்த்தார் என்பது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பார்த்தேன். ஒரே தேதி. ஒரே லாரி. ஒரே நடை. அரசாங்கத்தின் கணக்கில் அவர் வேகமாகப் போய்விட்டார், கம்பெனியின் கணக்கில் மெதுவாகப் போய்விட்டார். இந்த இரண்டையும் ஒரே ஸ்டேப்ளர் ஊசியில் குத்தி அனுப்பிய புண்ணியவானுக்கு அதைப் பார்த்து லேசாகவாவது சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது சிரிப்பல்ல, வயிற்றெரிச்சல். கேசரி அடிபிடித்துவிட்டது.

2

என் சொந்த ஊரான நாமக்கல்லில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு லாரியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெளிநாடு என்றால் அங்கே சட்டம் சட்டமாக இருக்கும், ரோடு ரோடாக இருக்கும் என்று நீங்கள் வைத்திருக்கிற நினைப்பைக் கொஞ்சம் கலைக்கத்தான் வேண்டும்.

என் அண்ணன் நாமக்கல்லில் மூன்று லாரி வைத்திருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் இதையே சொல்வார். "அங்கெல்லாம் ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் அம்மிணி. கேமரா வெச்சிருக்கான், கோடு போட்டிருக்கான். நம்மூரு மாதிரியா?"

போன வாரம் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஏனுங்ண்ணா, உங்க டிரைவரு கல்கத்தா போய்ச் சேர எத்தன நாளு குடுக்கறீங்க?"

"டவர் சரியாக் கெடைக்கல அம்மிணி," என்று சொல்லி வைத்துவிட்டார். அதுவரை எனக்கு அவர் குரல் பக்கத்து அறையில் பேசுவது போலத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பா லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயின்டராக இருந்தார். லாரியின் பின்பக்கம் வட்டம் போட்டு அதற்குள் '40' என்று எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏப்பா, டிரைவரு முன்னால உக்காந்திருக்காரு. நீங்க பின்னால எழுதறீங்க. அவரு எப்படிப் படிப்பாரு?" என்று ஒருநாள் கேட்டேன். "இது அவனுக்கில்ல சாமி, பின்னால வர்றவனுக்கு" என்றார். அப்பா சிரிக்காமல்தான் சொன்னார், நான்தான் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த நாட்டுக்கு வந்து பார்த்தால் இங்கேயும் லாரியின் முதுகில் வட்டம் இருக்கிறது. எண்தான் வேறு. பெயின்ட் இல்லை, ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கர். வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கிறவர்கள் உலகம் முழுக்க அதை டிரைவரின் முதுகில்தான் ஒட்டுகிறார்கள். வேகமாகப் போ என்று சொல்கிறவனுடைய முதுகில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை.

வந்த புதிதில் எனக்கு மலாய் சுத்தமாகத் தெரியாது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப்புறம் நின்று, "செல்வி, ஒங்க வூட்டுக்குச் சமன் வந்திருக்குலா" என்றார். ஊரிலிருந்து அம்மா ஏதோ சாமான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து, ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினேன். முறுக்கு, இட்லிப்பொடி, இன்னும் என்னென்னவோ மனதுக்குள் ஓடியது. பார்த்தால் ஒரு காகிதம். சம்மன்தான் இங்கே சமன். போலீஸ் போட்ட அபராதம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அபராதம் வந்தால், "சாமான் வந்திருக்கு" என்றுதான் பேச்சு. இத்தனை வருடத்தில் நான்கு முறை சாமான் வந்திருக்கிறது. நான்கும் சில்லறைத் தவறுகள். மெதுவாகப் போனதற்குச் சாமான் வந்தது இதுதான் முதல்முறை.

3

அன்றைய நடை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் ஏற்றி, பீடோரில் இருக்கிற தீவன மில்லில் இறக்க வேண்டும். நம் ஊர்க் கோழிப் பண்ணைகளுக்கு வருகிற அதே சோளம்தான். கோழியும் முட்டையும் சோளமும் லாரியும் என்னை விடுவதாக இல்லை. தூரம் ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். கம்பெனி கொடுத்திருக்கிற நேரம் துறைமுக வாசலிலிருந்து மில் வாசல் வரை இரண்டரை மணி.

தைப்பிங்கில் மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. கோலகங்சார் தாண்டி மெனோரா மலைச் சுரங்கத்தைக் கடந்தால், ஈப்போ பக்கம் நீளமான இறக்கம். பாரம் ஏற்றிய லாரிக்கு அந்த இறக்கம் விளையாட்டு இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, கீழே வரும்போது பிரேக் இருக்காது. கியரைக் குறைத்து, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்க வேண்டும். இவர் அப்படித்தான் இறக்கினார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. கீழே வந்ததும் லேசாகக் கருகல் வாசனை வந்ததால், ஓரங்கட்டி இறங்கி, சக்கரம் சக்கரமாகப் பார்த்து, சூடு ஆறும்வரை நின்றார்.

அதற்குள் போனில் மூன்று முறை செய்தி. மூன்றிலும் இரண்டே வார்த்தை: 'அண்ணே எங்க?'

அனுப்பியது மோகன். கம்பெனியில் லாரிகளைக் கண்காணிக்கிற சுப்பர்வைசர். நல்ல பையன்தான், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவான். அவன் மேசையில் ஒரு திரை இருக்கிறது. எந்த லாரி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எல்லாம் அதில் தெரியும். லாரி எங்கே நிற்கிறது என்பது தெரிந்தேதான் 'அண்ணே எங்க?' என்று கேட்கிறான்.

"அது கேள்வியில்லலா," என்றார் இவர். "பெரட்டுதான். தோட்டத்துல வெடியக்காலைல வரிசையா நிக்க வச்சு ஆள் எண்ணுவாங்கள்ல, அதே பெரட்டு. இப்ப போன்ல எண்றாங்க."

இவர் பிறந்தது பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. இவர்கள் குடியிருந்த லயம், அதாவது தொழிலாளர் வரிசைவீடு, இருந்த இடத்தில் லாரி நிறுத்தும் திடல் போட்டிருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டது, ஆள் எண்ணுகிற வழக்கம் மட்டும் போகவில்லை.

"சரி, இறக்கத்துல மெதுவா வந்தீங்க. நல்லது. தாப்பாகிட்ட எதுக்கு நூத்தி நாலு?" என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் தெருவரை போயிருக்கும்.

அபராதச் சீட்டை மடித்து மேசையில் வைத்தார். "நேரத்தப் புடிக்கணும்னு மிதிச்சிட்டேன் செல்வி. சமதரைதானே, ரோடு காலியாத்தானே இருக்குன்னு தோணிச்சி. நாப்பது டன் பின்னால இருக்குங்கறத ரெண்டு நிமிசம் மறந்துட்டேன்."

எனக்கு இவர் மேலும்தான் ஆத்திரம் வந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் முன்னால் ஒரு குடும்பம் கார் ஓட்டிக்கொண்டு போயிருந்தால்? நான் அதைக் கேட்டேன். கேட்காமல் விடவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமல், "அதான் பயமா இருக்கு" என்றார்.

மெனோரா இறக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை, கம்பெனிக்குத் தெரியாமல் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த இறக்கத்தில் பெரிய பலகை ஒன்று வந்தது. ஆங்கில எழுத்தில் மலாய். எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ஏங்க, இங்க பாருங்க, ரோட்டுல உங்க பேரப் போட்டுக் கேள்வி கேட்டிருக்காங்க! 'குணா, கியர் ரெண்டா?'" என்று கத்தினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் லாரியை நிறுத்திவிடுவாரோ என்று பயந்துபோனேன். மலாயில் 'குணா' என்றால் பயன்படுத்து. 'ரெண்டா' என்றால் தாழ்ந்த. தாழ்ந்த கியரில் போ என்று கனரக வண்டிகளுக்குச் சொல்லும் பலகை அது. நான் பெரிதாகத் தப்பாகவும் படித்துவிடவில்லை. பாரம் அதிகமானால் உண்மையிலேயே ரெண்டாவது கியர்தான் என்றார்.

4

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. கோலாலம்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை. எந்த லாரி எப்போது கிளம்பி எப்போது சேர வேண்டும் என்று அட்டவணை போடுகிற பிரிவு. லாரியை அவள் 'யூனிட்' என்பாள், டிரைவரை 'ரிசோர்ஸ்' என்பாள். நான் தமிழில் நான்கு வரி அனுப்பினால் ஆங்கிலத்தில் ஒரு கட்டைவிரல் வரும். லாரிக்காரர் மகள் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று ஊருக்கெல்லாம் பெருமையடித்தவள் நான்தான், ஆகவே யாரையும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் கடிதம் எழுதுகிற வேலை எப்போதும் அவளுடையது. இவருக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் பேச்சு வரும் அளவுக்கு எழுத்து வராது. கம்பெனிக் கடிதத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினோம். அரை மணியில் பதில் தயாராகி வந்தது. அழகான மலாய், வரிசையான பத்திகள். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட மலாயில் முட்டி மோதிப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். உடனே போன் போட்டேன்.

"'சுவாய்'னா என்னடி?"

"கேர்லெஸ்மா. கவனக்குறைவு."

"யாரு கவனக்குறைவு?"

"அப்பாம்மா. அது ஃபார்மட்லா. சாரி சொல்லி, இனிமே லேட் ஆவாதுன்னு எழுதுனா ஃபைல் மூடிருவாங்க. சண்ட போட்டா அப்பாவுக்குத்தான் ப்ராப்ளம்."

"இனிமே லேட் ஆவாதுன்னா அந்த இறக்கத்துல எப்படி வருவாரு? பறந்து வருவாரா?"

"அம்மா, நீங்க டென்ஷன் ஆவாதீங்கலா."

டென்ஷன் ஆகாமல் என்ன செய்வது? காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். சட்டம் அனுமதிக்கிற தொண்ணூறில், ஒரு நொடிகூட வேகம் குறையாமல், ஆள் நிற்காமல், மழை பெய்யாமல், மலையே இல்லாமல் போனால் இரண்டு மணி இருபது நிமிடம். மீதி பத்து நிமிடம். துறைமுக வாசல் வரிசை, டோல், எடை மேடை, மெனோரா, அடுத்து கோப்பெங் தாண்டி வருகிற இறக்கம், ஒரு டீ, ஒன்றுக்குப் போவது, எல்லாமே அந்தப் பத்து நிமிடத்துக்குள். மகளிடம் படித்துக் காட்டினேன்.

"இந்த ரெண்டரை மணி எங்கருந்துடி வருது? உங்க ஆபீஸ்ல எப்படிப் போடுவீங்க?"

"சிஸ்டம் போடும்மா."

"சிஸ்டம் யாரக் கேட்டுப் போடுது?"

மறுமுனையில் அவள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மேப்புலருந்து எடுக்கும்மா," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மேப்பு காட்டுறது கார் நேரம். அதுல அரை மணி சேத்து லாரிக்குப் போட்டுருவாங்க."

"கார் நேரத்தையா?"

"ம்."

"உங்க ஆபீஸ்லயுமா?"

"எங்க ஆபீஸ்லயும்தாம்மா. நான்தான் போடுறேன்."

கத்துவதற்கு எனக்கு நிறைய வார்த்தைகள் இருந்தன. "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

5

அந்தக் கடிதத்தின் மேல் கம்பெனி வைத்த விசாரணை நாள் காலையில் மோகன் அலுவலக வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒரு மன்னிப்பு லெட்டர்ல சைன் மட்டும் போட்டுக் குடுத்துருங்கண்ணே. நான் பேசிக்கிறேன். அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"நீதானப்பா 'அண்ணே எங்க'ன்னு மூணு தடவ கேட்ட? இங்கதான் இருக்காரு, பாத்துக்க," என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. "எனக்கும் மேலருந்து வருதுக்கா. 'மோகன், எங்க லாரி?'ன்னு. நானா இத வேணும்னு செய்யறேன்?"

அவன் மேல் இருந்த கோபத்தை நான் விட்டது அங்கேதான். விட்டதால் குறையவில்லை, இன்னும் மேலே யாரோ ஒருவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த யாரோவை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

உள்ளே மனிதவளப் பிரிவு அதிகாரி இருந்தார். நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி. வெளியே போக எழுந்த என்னைத் தடுத்து, "உட்காருங்கள் அக்கா" என்று மலாயில் சொன்னார். மகள் எழுதிய மன்னிப்புக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. இவர் அதைக் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கம்பெனி அனுப்பிய இரண்டு தாளையும் எடுத்துக் கொடுத்தார். கம்பெனிக் கடிதத்தின் அடியில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில், கோணல் மாணலாக மூன்று வரி. எனக்கே தெரியாமல் எப்போது எழுதினாரோ.

அந்த அம்மா சத்தமாகப் படித்தார். மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். 'மெனோரா இறக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் குணா கியர் ரெண்டா என்று எழுதியிருக்கிறது. என் பெயர் குணா. பலகை சொன்னபடி செய்தேன்.'

அவர் படித்து முடித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். மோகனும் சிரித்தான். என் பழைய அசட்டுத்தனம் ஒரு அலுவலகக் கோப்பில் ஏறிவிட்டதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் மலாயில் பேச ஆரம்பித்தார். சபையில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர்.

"மேடம், கூட வந்த இன்னொரு தாளையும் பாருங்க. தாப்பாகிட்ட நூத்தி நாலு போனது நான்தான். அது தப்பு. அபராதத்தக் கட்டிர்றேன், லைசென்சுல குத்தப் புள்ளி ஏறுனா ஏறட்டும். அதுக்கு நீங்க என்னா லெட்டர் குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா நீங்க அதுக்கு லெட்டர் குடுக்கல. எறக்கத்துல மெதுவா வந்ததுக்குக் குடுத்திருக்கீங்க. அது தப்புன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அதே எறக்கத்துல நான் எப்படி வர்றது? நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் போலவே அவரும் தேதியைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மோகன் பக்கம் திரும்பி, இந்த இரண்டரை மணி நேரத்தை முடிவு செய்தது யார் என்று கேட்டார். மோகன், "சிஸ்டம்" என்றான். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நீங்கள் போகலாம் என்றார்.

6

பத்து நாளில் பதில் வந்தது. மெதுவாகப் போன குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். எழுத்தில் அவ்வளவுதான். எழுத்தில் வராதது அடுத்த வாரம் நடந்தது. இவரைப் பீடோர் நடையிலிருந்து எடுத்துவிட்டு, ஈப்போவைச் சுற்றியே கற்குவாரியில் ஜல்லி ஏற்றுகிற வேலையில் போட்டார்கள். வயதாகிவிட்டது, ஓய்வாக ஓட்டட்டும் என்று நினைத்தார்களாம். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவருக்கு நெடுந்தூர நடையைப் பிடுங்கிவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும். பீடோர் நடையை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். கைக்குழந்தைக்காரர். அவருக்கும் இரண்டரை மணிதான்.

எங்கேயாவது ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து உயிர்கள் போனால் இங்கே தொலைக்காட்சி பரபரக்கிறது. டிரைவரின் பழைய சமன்களை எண்ணிச் சொல்கிறார்கள். லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். படிப்படியாக எல்லா லாரிக்கும் வருமாம். வரட்டும், நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்ணூறுக்கு மேல் வண்டி போகாது. ஆனால் இறக்கத்தில் பிரேக் கருக இறங்க வைப்பது எது என்று கருவிக்குத் தெரியாது. டீக்கடையில் நிறுத்தாமல், தூக்கத்தோடு ஓட்ட வைப்பது எது என்று கருவிக்குத் தெரியாது. வேகத்துக்கு எல்லை வைக்க இத்தனை பேர் உட்கார்ந்து பேசுகிறீர்களே, நேரத்துக்கு யார் எல்லை வைப்பது? இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு நேரத்துக்குக் குறைவாகக் கொடுத்தால் முதலாளிக்கு அபராதம் என்று ஒரு வரி சேர்க்க எத்தனை பேர் சாக வேண்டும்? இதை நான் இந்த நாட்டு அரசாங்கத்தை மட்டும் கேட்கவில்லை. டவர் கிடைக்காத என் அண்ணனும் இதைப் படிப்பார்.

இவர் அபராதத்தைக் கட்டிவிட்டார். தள்ளுபடி கேட்டு எழுதிப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "போனது போனதுதான்," என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்தார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் தர்ஷினி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளாகப் போன் செய்வது அபூர்வம். வழக்கமான ஆங்கிலம் இல்லை, எடுத்த எடுப்பில் தமிழ்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல அட்டவணைய மாத்திட்டேன். மலை ஏறி எறங்குற ரூட்டுக்கெல்லாம் ஒரு மணி நேரம் கூடப் போட்டேன்."

"யார்கிட்டயும் கேக்காமலா?"

"கேட்டா விட மாட்டாங்கம்மா. மூணு நாள் ஓடிச்சி. அப்பறம் கண்டுபுடிச்சிட்டாங்க. எந்த அடிப்படையில மாத்துனேன்னு வெளக்கம் கேட்டு லெட்டர் குடுத்திருக்காங்க. நாளைக்கு எழுதிக் குடுக்கணும்."

பேங்க் லோன் போட்டுப் படித்த பெண், வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சாரின்னு எழுதிருவியா?" என்று கேட்டேன். அவள் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு மனது, சொல்லிவிடக் கூடாது என்று ஒரு மனது.

"இல்லம்மா. எங்க மேனேஜர் கேட்டாரு, லோடோட ஒரு லாரி மெனோரா எறங்க எத்தன நிமிஷம் ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்னு. எனக்குத் தெரியாது, தெரிஞ்சவரக் கேட்டு எழுதித் தாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்பா இருக்காங்களா?"

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஒலிபெருக்கியைப் போட்டுப் போனை நீட்டினேன். நம்பாமல் என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டு வந்து வாங்கினார். நின்றுகொண்டேதான் பேசினார்.

"பாப்பா, இருபத்தாறு வருசமா ஓட்டுறேன். இத என்கிட்ட யாருமே கேட்டதில்ல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, எழுதிக்க. எத்தன டன் லோடு? அத மொதல்ல கேக்கணும். மழையா வெயிலா, அது ரெண்டாவது. டயரு புதுசா பழசா, பிரேக்கு எப்ப மாத்துனது, முன்னால எத்தன மணி நேரமா ஓட்டிக்கிட்டு வர்றான், ராத்திரி தூங்குனானா, இதெல்லாம் கேட்டுட்டுத்தான் நிமிசத்துக்கு வரணும். இப்ப சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஏத்தம் இருக்குல்ல, அங்கருந்தே கணக்கு ஆரம்பிக்குது..."

பேசப் பேச வேகம் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு பேசுவார் என்று எனக்கே தெரியாது. ஒலிபெருக்கியில் அவள் குரல் குறுக்கே வந்தது.

"மெதுவாப்பா," என்றாள் அவள். "மெதுவாச் சொல்லுங்க. ஒண்ணுகூட விடாம எழுதணும்."